குடத்துக்கு 7 ஆண்டு, உயிருக்கு 2



பணக்காரர் தப்பித்தால் நீதிபதியைத்தான் திட்டுகிறோம். குற்றவியல் சட்டத்தை ஆய்வு செய்கிறவன் நான். சலுகை அதற்கு வெகு முன்பே, எந்தப் பிரிவில் வழக்கு என்று முடிவாகும் இடத்திலேயே கொடுக்கப்பட்டுவிடுகிறது.

போபாலைப் பாருங்கள். 1984 டிசம்பரில் யூனியன் கார்பைடு ஆலையின் விஷவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அதிகாரிகள் மீது முதலில் இருந்தது 10 ஆண்டு வரை சிறை தரக்கூடிய பிரிவு. 1996இல் உச்ச நீதிமன்றம் அதை 304ஏ ஆக்கியது: கவனக்குறைவால் மரணம், அதிகபட்சம் 2 ஆண்டு. விபத்து செய்த லாரி ஓட்டுநர் மீது அன்று போட்டுவந்த அதே பிரிவு! 2010 ஜூனில் போபால் நீதிமன்றம் 7 பேருக்கு அந்த 2 ஆண்டையும் முழுசாகவே கொடுத்தது. அன்றே ஜாமீன்.

அதே தண்டனைச் சட்டத்தில், வீட்டிலிருந்து ஒரு பித்தளைக் குடத்தைத் திருடினால் 7 ஆண்டு வரை. இன்றைய பாரதிய நியாய சங்கிதா கவனக்குறைவு மரணத்துக்கு 5 ஆண்டு வரை என்கிறது. குடத்துக்கு இன்னமும் 7தான்.

நம் தெருவுக்கு வருவோம். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஒருவரைப் பாதாளச் சாக்கடைக்குள் இறக்கும் ஒப்பந்ததாரருக்கு, 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் முறை 2 ஆண்டு வரை சிறை, அல்லது வெறும் அபராதம். இறங்குகிறவர் என்ன சாதி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி ஒரு சாக்கடை மரணத்துக்காகச் சாலையில் உட்காரும்போது, 'கைது செய்' என்பதோடு நிறுத்தாமல் முதல் தகவல் அறிக்கையை வாங்கிப் படிப்போம். எந்தப் பிரிவு? வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதா? ஒப்பந்தம் கொடுத்த அதிகாரியின் பெயர் இருக்கிறதா, மேற்பார்வையாளரோடு முடித்துவிட்டார்களா?