நீங்க என்ன கூட்டமுங்க?

(பட்டிமன்றத் தலைப்பு: குடியிலிருந்து மீள்பவருக்குப் பெரிதும் கைகொடுப்பது குடும்பமா? கூட்டமா? ‘கூட்டமே’ என்ற அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! எதிரணியில் வீற்றிருக்கும் அன்பு நண்பர்களே! சாப்பாட்டுத் தட்டோடு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே!

எங்கள் கொங்கு நாட்டில் புதிதாக ஒருத்தரைப் பார்த்தால், “ஏனுங்க, எந்த ஊருங்க?” என்று கேட்போம். அடுத்த கேள்வி, “நீங்க என்ன கூட்டமுங்க?” அதாவது, குலத்தைக் கேட்கிறோம். (சிரிப்பு) நான் வாதாட வந்திருக்கிற கூட்டத்தில் குலம் கேட்க மாட்டார்கள். முழுப் பேரைக்கூடக் கேட்க மாட்டார்கள். “குடியை விடணும்னு நினைக்கிறீங்களா? வாங்க, உட்காருங்க.” அவ்வளவுதான் தகுதி. கட்டணம் கிடையாது. அதன் பெயர் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். சுருக்கமாக ஏ.ஏ.

அது பிறந்த கதையைக் கேளுங்கள். 1935 மே மாதம். அமெரிக்காவில் ஆக்ரன் என்கிற ஊர். பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரர் குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகிறது. வந்த காரியம் படுத்துவிட்டது. ஓட்டல் கூடத்தில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் பார். இன்னொரு பக்கம் டெலிபோன். அவர் டெலிபோன் பக்கம் போனார். மனைவியிடம் அழுவதற்கா? இல்லை ஐயா! இந்த ஊரில் என்னை மாதிரி இன்னொரு குடிகாரர் இருக்கிறாரா என்று தேடுவதற்கு! கிடைத்தவர் பாப் ஸ்மித், அறுவை சிகிச்சை டாக்டர். ‘கால் மணி நேரம்தான்’ என்று வந்தவர், மணிக்கணக்கில் பேசினார். ஏன்? அதுவரை எல்லாரும் அவருக்குப் புத்தி சொன்னார்கள். இவர் ஒருத்தர்தான் தன் கதையைச் சொன்னார். (கைதட்டல்) அப்படிப் பிறந்த ஏ.ஏ. 1957-இல் பம்பாய்க்கு வந்தது. இன்றைக்கு எங்கள் கோவையிலும் நடக்கிறது.

கள்ளுண்ணாமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவரும் இதைத்தானே கேட்கிறார்? தான் தெளிவாக இருக்கும் நேரத்தில், போதையில் கிடக்கும் இன்னொருவனைப் பார்த்தாவது தன் நிலைமை அவனுக்கு உறைக்காதா என்கிறார். குடிகாரனுக்குக் கண்ணாடி இன்னொரு குடிகாரன்தான். அந்தக் கண்ணாடிகள் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற இடம்தான் கூட்டம்!

எதிரணி அம்மையார் சாந்தி ரங்கநாதன் அவர்களைச் சொன்னார்கள். கும்பிட வேண்டியவர். குடியால் கணவரை இழந்து, 1980-இல் சென்னையில் சிகிச்சை மையம் தொடங்கி, 1992-இல் பத்மஸ்ரீ பெற்றவர். அம்மா, குடும்பத்து அன்பு மட்டுமே போதும் என்றால் அந்த மையத்துக்குத் தேவையே வந்திருக்காதே!

“ஒரு தடவை போனாரு, பிடிக்கலைன்னு வந்துட்டாரு” என்கிறீர்கள். எங்கள் விவசாயி 600 அடி போர் போடுகிறார். புழுதிதான் வருகிறது. விவசாயத்தையே விட்டுவிடுகிறாரா? தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்த்து, நாலு அடி தள்ளி மறுபடி போடுகிறார், தண்ணி வருகிற வரைக்கும். நான் சொல்வது நிஜத் தண்ணி! (பலத்த சிரிப்பு)

அந்த விவசாயிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், பல்லடம் பக்கம் தறி ஓட்டினவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து, இப்படி ஓர் உதவிக் கூட்டத்துக்குப் போனார். அன்றைக்குப் பேசினவர்கள் எல்லாரும் இங்கிலீஷ். கூட்டத்தின் மேல் தப்பில்லை. அது அவர்கள் பாஷை. என் வீட்டுக்கு வந்து, “தம்பி, அது படிச்சவங்க குடியை விடற எடமாட்ட இருக்குது. நமக்கு ஒத்து வராது கண்ணு” என்றார். (சிரிப்பு) நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். “சரி, விடுங்கண்ணா” என்றேன். தமிழில் டாக்டர் பட்டம் வாங்கியவன் நான். “தமிழில் நடக்கிற கூட்டம் எங்கே இருக்குன்னு கேட்போம், வாங்கண்ணா” என்ற ஒரு தமிழ் வாக்கியம் என் வாயில் வரவில்லை. அடுத்த தை மாதம் அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். (அரங்கில் அமைதி)

அதனால் சொல்கிறேன், நாலு விஷயம் பாருங்கள். ஒன்று, பாஷை. இரண்டு, நேரம். திருப்பூர் பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சம்பளம் வாங்குகிறவருக்கு, அந்தச் சனிக்கிழமை சாயங்காலக் கூட்டம்தான் உயிர். மூன்று, தூரம். பங்காளி பார்த்துவிடுவான் என்று கூச்சமா? இரண்டு ஊர் தள்ளிப் போகட்டும். ஆனால் வாராவாரம் போய்வர முடிகிற தூரமாக இருக்கட்டும். நான்கு, திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா? திறந்ததில் நீங்களும் கூட உட்காரலாம். மூடியது குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டும். ஒரே நாளில் முடிவு கட்டாதீர்கள். பெண் பார்க்க எத்தனை வீடு ஏறி இறங்கினோம்! (சிரிப்பு)

ஒரு எச்சரிக்கை. வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், பிதற்றல் வரலாம்; உயிருக்கே ஆபத்து. முதலில் டாக்டர், அப்புறம் கூட்டம். போதை மறுவாழ்வு மையத்தில் கேட்டால் பக்கத்துக் கூட்டத்தைச் சொல்வார்கள். அரசின் 14446 என்ற இலவச எண்ணிலும் வழி கேட்கலாம்.

நடுவர் அவர்களே! குடும்பம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்துக்கே ஒரு கூட்டம் தேவைப்பட்டதே! பில் வில்சனின் மனைவி லோயிஸ் முன்னின்று 1951-இல் ‘அல்-அனான்’ தொடங்கினாரே, அது யாருக்கு? குடிப்பவரின் வீட்டாருக்கு! (கைதட்டல்)

இனி உங்கள் வீட்டில் ஒருத்தர் “அது நமக்கு ஒத்து வராது” என்று திரும்பி வந்தால், “சரி, விடுங்க” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். “வாங்க, அடுத்ததைப் பார்க்கலாம்” என்று செருப்பை மாட்டுங்கள். என் அண்ணனுக்கு நான் சொல்லாததை, உங்கள் அண்ணனுக்கு நீங்கள் சொல்லுங்கள்.

(நீண்ட கைதட்டல்)