ஆறாம் வகுப்புப் பிள்ளையின் ஒரு நாள்

கல்வியியல் பட்டம் பெற்று இன்று ஆசிரியராகும் இளைஞர்களே,

பட்டமளிப்பு மேடையில் நாட்டின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவது வழக்கம். நான் எடுத்துக்கொண்டிருப்பது அதைவிட மிகச் சிறிய பொருள்: அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் சாதாரண நாள். தேர்வு நாளும் ஆண்டு விழாவும் வேண்டாம். ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்று போதும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அந்தப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 220 வேலை நாட்களும் 1,000 மணி நேரக் கற்பித்தலும் வேண்டும் என்கிறது. வகுத்துப் பார்த்தால் நாளுக்கு நாலரை மணி நேரம் வரும். ஆனால், காலை ஏழரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பி மாலை ஐந்தரைக்குத் திரும்பும் பிள்ளைக்குப் பள்ளி நாள் என்பது பத்து மணி நேரம். நமது பாடக்குறிப்பு, கால அட்டவணை, அதிகாரிகளின் ஆய்வு எல்லாமே அந்த நாலரை மணியைச் சுற்றித்தான் நடக்கின்றன. மீதி நேரத்தைப் பார்க்காமல் அந்த நாலரை மணியைச் சீர்செய்ய முடியாது என்பதே என் வாதம்.

இதற்குச் சான்று தேடி வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. 1920இல், பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. காமராஜர் 1956இல் அதை மாநிலத் திட்டமாக்கினார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக விரித்தார். பிறகு முட்டை சேர்ந்தது. நாடு முழுவதும் பேசப்படும் இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஓர் இடைவெளி உண்டு. காலை உணவுத் திட்டத்தை மாநில அரசு மதுரையில் தொடங்கியது 2022 செப்டம்பரில். 1956இலிருந்து கணக்கிட்டால் 66 ஆண்டுகள். மதிய உணவு பிள்ளையைப் பள்ளிக்கு வரவழைத்தது, வருகைப் பதிவேட்டில் அதன் பலன் தெரிந்தது, நாமும் நிறைவடைந்துவிட்டோம். முதல் பாடவேளையில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அந்த நேரத்தில் மந்தமாக இருந்தவர்களுக்குக் 'கவனக்குறைவு' என்று குறிப்பு எழுதிக்கொண்டிருந்தோம். நிர்வாகத்துக்கு அறுபத்தாறு ஆண்டு எடுத்த செய்தி, எந்தப் பிள்ளைக்கும் காலை பத்து மணிக்கே தெரிந்திருந்தது. யாரும் அதனிடம் கேட்கவில்லை.

இப்போது நம் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு வருகிறேன். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் என்று வரையறுத்துத் தொடங்கப்பட்டது. அருகமைப் பள்ளி விதி, தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கு மூன்று கிலோமீட்டர் வரை போகலாம். விலையில்லா மிதிவண்டி கிடைப்பது பதினொன்றாம் வகுப்பில். இவை தனித்தனியான மூன்று முடிவுகள். ஒவ்வொன்றுக்கும் நிதியோ நில அமைப்போ காரணமாக இருக்கும். ஆனால் மூன்றும் ஒரே பிள்ளையின் ஒரே காலையில் வந்து கூடுகின்றன. தூரம் மூன்று மடங்காகலாம், தட்டில் பொங்கல் இல்லை, மிதிவண்டிக்கு இன்னும் ஐந்து ஆண்டு இருக்கிறது. கட்டணமில்லாப் பேருந்து அட்டை உண்டு, நல்லது. ஆனால் பல ஊர்களில் பேருந்து பள்ளி மணியைப் பார்த்து வருவதில்லை. அந்தப் பிள்ளை பத்து நிமிடம் தாமதமாக வந்து வகுப்பு வாசலில் நிற்கிறது. அங்கே நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பதுதான் உங்கள் பட்டத்துக்கு நாளை வரப்போகும் முதல் சோதனை. உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்துவிட்டது. ஆனால், இரண்டிலும் சேராதது போலத் தோன்றும் ஓர் ஏளனப் பேச்சு அந்த நாள் முழுவதையும் கெடுத்துவிடும்.

தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் ஓரிரு ஆசிரியரையே பார்த்த பிள்ளை, ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஒருவராகப் பார்க்கத் தொடங்குகிறது. நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஆளும் பேச்சும் எதிர்பார்ப்பும் மாறுகின்றன. தமிழாசிரியர் அரை மணி நேர வீட்டுப்பாடம் கொடுக்கிறார். அது நியாயமான அளவு. கணக்கு, அறிவியல், ஆங்கிலம், சமூக அறிவியல் ஆசிரியர்களும் அதே அரை மணி நேரம்தான் கேட்கிறார்கள். மாலையில் அது இரண்டரை மணி நேரம். ஒவ்வொருவர் கணக்கும் சரி. கூட்டுத்தொகையைப் பார்க்கும் ஆள் மட்டும் பள்ளியில் இல்லை, அந்தப் பிள்ளையைத் தவிர. இடையில் விளையாட்டுப் பாடவேளையைப் 'போர்ஷன் முடியவில்லை' என்று யாராவது வாங்கிக்கொண்டிருப்பார். (திருப்பித் தந்ததாகக் கேள்விப்பட்டவர்கள் சொல்லலாம்.) 1993இல், பள்ளிப் பிள்ளைகளின் சுமையை ஆராய்ந்த யஷ்பால் குழு, பையின் எடையைவிடப் புரியாமல் படிப்பதே பெரிய சுமை என்று எச்சரித்தது. பையை எடை போடத் தராசு இருக்கிறது. புரியாமையை அளக்க, பிள்ளை இருக்கும் இடத்திலிருந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

இப்படிப் பிள்ளையின் இடத்திலிருந்து பார்ப்பதற்கு மறுப்புகள் வரும். முதலாவது, நேரமில்லை என்பது. பாடத்தோடு எமிஸ் (கல்வி மேலாண்மைத் தகவல் அமைப்பு) பதிவுகளும் விலையில்லாப் பொருள் கணக்கும் தேர்தல் பணியும் சேர்ந்து ஆசிரியரை அழுத்துவது உண்மை. அதைக் குறைக்கச் சொல்லி நீங்கள் சங்கம் வழியாகப் போராடினால் நான் உங்கள் பக்கம். ஆனால் ஆசிரியர் அறையில் ஒரு தாளை ஒட்டி, எந்த வகுப்புக்கு யார் என்ன வீட்டுப்பாடம் கொடுத்தார்கள் என்று குறிக்க ஆகும் நேரம் ஒரு நிமிடம். இரண்டாவது, பிள்ளையின் பார்வை முதிராதது, கேட்டால் விடுமுறைதான் கேட்கும் என்பது. கேட்கட்டும். நோயாளி வலிக்கும் இடத்தைச் சொல்கிறார், மருந்தை மருத்துவர்தான் முடிவு செய்கிறார். அதற்காக யாரும் நோயாளியின் வாயை மூடுவதில்லை. 2025இல் வகுப்பறை இருக்கைகளை 'ப' வடிவில் போடலாம் என்ற பேச்சு எழுந்தபோது, கடைசி பெஞ்ச் ஒழியும் என்றார்கள் ஒரு சாரார்; பக்கவாட்டில் உட்காரும் பிள்ளைக்குக் கழுத்து வலிக்கும் என்றார்கள் இன்னொரு சாரார். முடிவு எதுவானாலும், இரு தரப்பும் பெஞ்சில் உட்காரும் பிள்ளையின் இடத்திலிருந்தே பேசினார்கள். அந்த விவாதத்தில் எனக்குப் பிடித்தது அதுதான்.

மூன்றாவது மறுப்புதான் வலுவானது. 'நாங்களும் பசியோடு நடந்து, அடி வாங்கித்தான் படித்தோம், கெட்டா போய்விட்டோம்?' இந்த அரங்கிலேயே பலர் மனதுக்குள் இதைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். அவர்கள் பட்ட பாடு மரியாதைக்குரியது. ஆனால் இந்தச் சாட்சியத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. இதைச் சொல்பவர்கள் எல்லாரும் தாண்டி வந்தவர்கள். அதே பசியிலும் அதே அடியிலும் எட்டாம் வகுப்போடு நின்றுபோனவர்களைப் பட்டமளிப்பு விழாவுக்கு யாரும் அழைப்பதில்லை. அவர்களையும் எண்ணிய பிறகே அந்தக் கடுமை பலன் தந்ததா என்று தீர்ப்புச் சொல்ல முடியும்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பணியில் சேர்ந்த முதல் மாதத்தில், தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, ஏதாவது ஒரு வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒரு முழு நாள் உட்காருங்கள். இறைவணக்கக் கூட்டத்தில் வரிசையில் நில்லுங்கள். பிள்ளைகளோடு சத்துணவு சாப்பிடுங்கள். அவர்கள் குடிக்கும் குழாயில் தண்ணீர் குடியுங்கள். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா வீட்டுப்பாடத்தையும் எழுதி முடித்துவிட்டுத் தூங்குங்கள். பார்த்ததை ஒரு பக்கத்தில் எழுதி, அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் படியுங்கள்.