வேவுக் குழுவினரும் மலைக்குடியினரும்



வியத்நாம் போரில், 1964 சனவரித் திங்களில், அமெரிக்கர் கமுக்கப் படைப்பிரிவு ஒன்றை அமைத்தனர். 1972 வரை இயங்கிய அதற்கு ‘ஆய்வு, நோக்கீட்டுக் குழு’ என்பது வெளிப்பெயர். கேட்டோர் ஏதோ நூலாய்வு மன்றம் என்றே எண்ணியிருப்பர்! அதன் வேவுக் குழுவினரோ எல்லை கடந்து இலாவோசு, கம்போடியக் காடுகளுட் புகுந்து, ஓ சி மின் பாதையிற் செல்லும் படைகளையும் சரக்குந்துகளையும் கண்டறிந்தனர்.

ஒரு குழுவில் அமெரிக்கர் பெரும்பாலும் இருவர், மூவரே. எஞ்சியோருட் பலர் புரூ, செடாங்கு, இராதே முதலிய மலைக்குடியினர். பலகால் முன்னே நடந்தவரும் அவரே. உலங்கூர்தி இறக்கிவிட்டு அகன்றபின் சில அடி நடப்பர், நிற்பர், செவி சாய்ப்பர். மாழை வளையங்களில் ஒட்டுப்பட்டை சுற்றியிருப்பர். உராய்ந்தால் ஒலி எழுமன்றோ? ஓர் இருமலே அனைவர் உயிரையும் வாங்கிவிடலாம். இரவில் அடர்புதருள் நெருங்கிக் கிடப்பர். பகைவர் சூழ்ந்து, ஊர்தி இறங்க வெளியும் இல்லையெனின், மேலிருந்து விடும் கயிற்றிற் தம்மைப் பிணைத்துக்கொண்டு மரமுகடுகளுக்கு மேல் எழுவர். அடையாளத் தகடும் அணியார்.

மீண்ட அமெரிக்கர் வாய்திறவாமைக்குக் கையொப்பமிட்டிருந்தனர். மனைவியிடத்தும் உரைத்தல் ஆகாது. அவர்தம் படைப்பிரிவுக்குக் குடியரசுத் தலைவர் பாராட்டு 2001-இல் வந்தது. காலந்தாழ்ந்தேனும் வந்ததே!

மலைக்குடியினர் நிலை வேறு. 1975-இல் போர் முடிந்ததும் அவருட் பலர் சிறைப்பாசறைகளில் அடைக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் காட்டிலிருந்தே போரைத் தொடர்ந்தனர். அவருள் எஞ்சிய ஏறத்தாழ 400 பேர் கம்போடியக் காட்டில் படைக்கலங்களைக் கீழே வைத்தது 1992-இல்.