தோற்றவரும் துடுப்புப் போடணும்

(பொங்கல் விழாவில் நம் குடியிருப்பு ஹாலில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். 34 வருடம் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்தவன் நான். கணக்கு தப்பாது, பயப்படாதீர்கள்.

அரையாண்டு விடுமுறையில் இதே ஹாலில் நம் பிள்ளைகள் ஏழு பேரோடு நானும் ஒரு விளையாட்டு ஆடினேன். சென்னையில் கல்லூரியில் படிக்கும் என் பேரன் கொண்டுவந்தது. பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கி வெளியிட்டது. மேஜையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்வார்கள். கதை ஓர் இடத்தில் நிற்கும். "இப்போ நீங்க என்ன செய்யப் போறீங்க?" என்று கதை சொல்பவர் கேட்பார். நாம் சொன்னது பலித்ததா என்பதை 20 முகம் உள்ள ஒரு பகடை சொல்லும்.

தாயக்கட்டை உருட்டியவர்களுக்குப் பகடை புதிதில்லை. ஆனால் பரமபதத்தில் ஏணி எங்கே, பாம்பு எங்கே என்று அட்டையிலேயே போட்டிருக்கும். இதில் வழியை நாமே பேசி முடிவு செய்ய வேண்டும். ஒருவர் ஜெயித்து இன்னொருவர் தோற்பதும் கிடையாது. கப்பல் கரை சேர்ந்தால் எல்லோருக்கும் நல்லது, முழுகினால் எல்லோரும் முழுக வேண்டியதுதான்.

கப்பல் என்று ஏன் சொல்கிறேன் என்றால், பேரன் எடுத்தது வைக்கிங் கதை. நார்வே, டென்மார்க், சுவீடன் பக்கத்துக் கடலோடிகள். 793-இல் இங்கிலாந்தின் லின்டிஸ்பார்ன் தீவு மடத்தைக் கொள்ளையடித்ததில் அவர்கள் பெயர் கெட்டது. சினிமாவில் கொம்பு வைத்த தொப்பியோடு காட்டுவார்கள். அப்படி அவர்கள் போட்டதற்கு ஆதாரம் இல்லை. பெரும்பாலோர் விவசாயிகள், வியாபாரிகள்தான். இந்த விளையாட்டுக்கென்றே வைக்கிங்குகளைப் பற்றி 1991-இல் தனிப் புத்தகமே வந்திருக்கிறது.

விருத்தாசலத்தில் இருந்துகொண்டு பொம்மைக்கு அலைய வேண்டுமா? நான்கு பீங்கான் அகல் விளக்குகள்தான் கப்பல். மூக்கு நீட்டிக்கொண்டு இருக்கும் அல்லவா, அப்படியே பொருந்தியது. பழைய பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் வீடுகள். காசுக்குப் புளியங்கொட்டை.

எனக்கு என்ன வேஷம் தெரியுமா? "தாத்தா, நீங்க சட்டம் சொல்றவர்" என்றான் பேரன். ஐஸ்லாந்தில் 930-இல் ஆல்திங் என்ற பொதுச்சபையை ஆரம்பித்தார்கள். அங்கே சட்டத்தை மனப்பாடமாக ஒப்பிக்க ஒருவர் இருந்தார். வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு என்று மூன்று வருடத்தில் முழுச் சட்டத்தையும் சொல்லி முடிப்பார். என் வேஷத்துக்குப் பேரன் போட்ட கட்டளை இதுதான்: "நீங்க ஞாபகப்படுத்தலாம். முடிவு பண்ணக் கூடாது."

நம்மவர்களும் சளைத்தவர்கள் இல்லை. ஆல்திங்குக்குப் பத்து வருடம் முன்னால், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், உத்திரமேரூரில் குடவோலை விதிகளைக் கல்லில் வெட்டிவிட்டார்கள். 30 குடும்பு, குடத்தில் ஓலை. சபைக்கு வருபவர் வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது, அவர் உறவினரும் நிற்க முடியாது. பொருளாளர் சிரிக்கிறார், அவர் கணக்கு சரியாக இருக்கிறது என்று அர்த்தம்! ஆனால் அந்தச் சபைக்கு வர நிலம் வேண்டும், சொந்த மனை வேண்டும். பெண்களுக்கு இடமில்லை. நம் பிள்ளைகள் சபையில் ஒன்பது வயதுப் பெண்ணுக்கும் ஓர் ஓட்டு இருந்தது.

கதைக்கு வருகிறேன். பனிக்காலம் வருகிறது. ஊரில் தானியம் தீரப்போகிறது. பக்கத்துத் தீவில் கருவாடு குவிந்து கிடக்கிறது. என்ன செய்வது? "அடிச்சுப் பிடுங்கலாம்!" என்று ஆறு பேர் ஒரே சத்தம். பகடை உருட்டினால் விழுந்தது ஒன்று. கப்பல் பாறையில் மோதி நின்றது.

சரி, சபை கூட்டுங்கள் என்றேன். கையில் அகல் வைத்திருப்பவர் மட்டும் பேசலாம். அகல் கை மாறி, புதிதாகக் குடிவந்த வீட்டுச் சின்னப் பெண்ணிடம் போனது. அதுவரை யாரிடமும் பேசாத பிள்ளை. மெதுவாகக் கேட்டது: "தாத்தா, அந்தத் தீவுலயும் சின்னப் பிள்ளைங்க இருக்கும்ல?"

ஹாலில் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு மணி நேரம் பேசினார்கள். அவர்கள் படகுகளைப் பழுதுபார்த்துக் கொடுப்போம், கூலியாகக் கருவாடு வாங்குவோம் என்று ஒரு யோசனை வந்தது. ஓட்டெடுத்தால் ஐந்துக்கு இரண்டு. தோற்ற இருவரில் ஒருவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான் என்று நினைத்தேன். அவன் பகடையை எடுத்து, "சரி, துடுப்பு நான் போடுறேன். இல்லன்னா கப்பல் போகாது" என்றான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

போன மே மாதம் இதே ஹாலில் தண்ணீர் மீட்டர் விஷயம் ஓட்டுக்கு வந்தது. வீட்டுக்கு வீடு தனி மீட்டர் வேண்டும் என்று கணக்கெல்லாம் போட்டுக் காட்டியவன் நான். 24 வீட்டில் 15-க்கு 9 என்று தோற்றேன். மெயின்டனன்ஸ் ஒரு மாதம்கூடப் பாக்கி வைக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை. எதிர்த்துப் பேசிய என் மாடிக்காரரோடு எட்டு மாதமாகப் பேச்சில்லை. எதிரே வந்தால் படியிறங்கித் திரும்பிப் போயிருக்கிறேன். பன்னிரண்டு வயதுப் பையனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

மீட்டர் வேண்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதை மறுபடியும் கூட்டத்தில் கேட்பேன், படிக்கட்டில் முறைத்துக்கொண்டு அல்ல. சார், நீங்கள் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள். பேச்சு முடிந்ததும் பொங்கல் சாப்பிட நம் வீட்டுக்கு வர வேண்டும்.

செயலாளருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் சத்தம் போடுகிறார்கள் என்று இந்த ஹாலைப் பூட்டி வைக்க வேண்டாம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை 4 மணியிலிருந்து 6 மணி வரை கொடுங்கள். சாவிக்கு நான் பொறுப்பு. நேரம் இருக்கும் பெரியவர்களும் வந்து உட்காருங்கள், வேஷம் நிறைய காலியாக இருக்கிறது.

அடுத்த பொதுக்குழுவுக்கு நானும் வருகிறேன். தோற்றாலும் வருவேன்.