நீலக் குமிழியும் பச்சைக் குமிழியும்



அப்பிளா அன்ரொயிட்டா எண்டு கேட்டால் இந்த அறையில பாதிப்பேர் உடன கை தூக்குவியள். பரம்பரையா ஒரே கட்சிக்கு வாக்குப் போடுற குடும்பம் மாதிரி. அதைப் பகிடி பண்ண நான் வரேல்லை. இந்தச் சண்டை ஏன் இவ்வளவு ருசியா இருக்கு, அதால ஆருக்கு லாபம் எண்டதைக் கதைக்கலாம்.

1984 ஜனவரியில அமெரிக்கக் கால்பந்து இறுதியாட்டத்துக்கு நடுவில அப்பிள் தன்ர மக்கின்ரொஷ் கணினிக்கு ஒரு விளம்பரம் போட்டது. சாம்பல் உடுப்போட வரிசையா இருக்கிற மனிசர், பெரிய திரையில ஒரு முகம், ஓடிவந்து சுத்தியலை எறிஞ்சு அதை உடைக்கிற ஒரு பெண். இயக்கினவர் ரிட்லி ஸ்கொட். அதுக்கு இரண்டு வருசம் முந்தித்தான் 'பிளேட் ரன்னர்' எடுத்தவர். ஜோர்ஜ் ஓர்வெல் ஒரு சோசலிஸ்ட். அவர் சர்வாதிகாரத்தைப் பற்றி எழுதின நாவல் கணினி விக்கிறதுக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கட பொருளை வாங்கினால் நீ கலகக்காரன், மற்றவன்ர பொருளை வாங்கினால் வரிசையில இருக்கிற அடிமை. இண்டைக்கு வரைக்கும் அப்பிள் ரசிகரின்ர மனநிலைக்கு அடித்தளம் அதுதான் எண்டு நினைக்கிறன்.

மற்றப் பக்கமும் சளைச்சதில்லை. 2009 இல் வெரைசன் வித்த மோட்டரோலா ஃபோனுக்கு 'ட்ரொயிட்' எண்டு பேர். 'ஸ்ரார் வோர்ஸ்' படத்துச் சொல், லூக்காஸ்ஃபில்மிட்ட உரிமம் வாங்கிப் போட்டது. 2010 இல் கூகிள் 'நெக்சஸ் வன்' எண்டு ஒண்டை விட்டது. பிலிப் கே. டிக் 1968 இல் எழுதின நாவலில 'நெக்சஸ்-6' எண்டது செவ்வாய்க் கிரகத்தில அடிமைவேலையில இருந்து தப்பி ஓடி வாற அன்ரொயிட்டுகளின்ர மாதிரி. அவற்ற குடும்பம் பேரைப் பற்றி எதிர்ப்புத் தெரிவிச்சது. நியாயம்தானே. தப்பி ஓடின அடிமையின்ர பேரை வைச்சு ஃபோன் விக்கிறதில இருக்கிற முரண் ஒருத்தருக்கும் உறைக்கேல்லை.

இதுக்குள்ள எனக்கு மிகப் பிடிச்ச சம்பவம் 2011. அப்பிள், தன்ர வடிவமைப்பைத் திருடிப்போட்டாங்கள் எண்டு சாம்சுங் மேல வழக்குப் போட்டது. சாம்சுங் நீதிமன்றத்தில என்ன காட்டினது தெரியுமோ? குப்ரிக்கின்ர 1968 ஆம் ஆண்டுப் படம் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'. அதில விண்வெளி வீரர் சாப்பிட்டுக்கொண்டே தட்டையான ஒரு பலகையில காணொளி பாக்கினம். இது முந்தியே இருந்த யோசனை எண்டு வாதம்! அதே காலத்தில ஐபோனின்ர சிப்பைச் செய்து குடுத்ததும் சாம்சுங்தான். 2018 இல் இரண்டு பேரும் சமாதானமாப் போனவை. இடையில தெருவில அடிபட்டது நாங்கள்.

மேல்மாடியில அவை எப்பவும் இப்பிடித்தான். கூகிளின்ர தலைமை நிர்வாகி எரிக் ஷ்மிட் 2009 வரைக்கும் அப்பிளின்ர இயக்குநர் சபையில இருந்தவர். அப்பிள், கூகிள், இன்ரெல், அடோபி நாலும் ஒருத்தற்ற பொறியியலாளரை மற்றவர் கூப்பிடுறதில்லை எண்டு தங்களுக்குள்ள பேசி வைச்சிருந்தவை எண்டு தொழிலாளர் வழக்குப் போட்டு, 2015 இல் 41.5 கோடி டொலர் குடுத்து முடிச்சவை. சம்பளம் கூடாமல் இருக்க எதிரிகள் கைகோத்த கதை. 2022 இல் மட்டும் கூகிள் அப்பிளுக்கு 2,000 கோடி டொலர் குடுத்தது, சபாரியில தன்ர தேடுபொறி இயல்பா இருக்கவேணும் எண்டதுக்காக. அமெரிக்க அரசு கூகிள் மேல போட்ட ஏகபோக வழக்கிலதான் இந்தத் தொகை வெளியில வந்தது. இதுக்குப் பேர் போட்டி.

தொழில்நுட்ப விமர்சகர்களைப் பற்றிக் கனக்கக் கதைக்கத் தேவையில்லை. வெளியீட்டுக்கு முந்தி ஃபோன் கையில கிடைக்கவேணும், குறிச்ச நேரம் வரைக்கும் வாய் திறக்கக்கூடாது, கீழ இருக்கிற இணைப்பை அமத்தி நீங்கள் வாங்கினால் அவைக்குத் தரகு. கெட்ட ஆக்கள் எண்டு சொல்லேல்லை. சிலர் நல்லாத் தெரிஞ்சவை. ஆனால் 'ஃபோனை இன்னும் நாலு வருசம் வைச்சிருங்கோ, பற்றரியை மட்டும் மாத்துங்கோ' எண்டு சொல்லி ஆராவது பிழைக்க ஏலுமோ?

ரசிகர் எண்டால் முட்டாள் எண்டு நினைக்கிற தோழர்களோட எனக்கு ஒத்துவராது. 1939 ஜூலையில நியூயோர்க்கில முதலாவது உலக விஞ்ஞானப் புனைகதை மாநாடு நடந்தது. 'ஃப்யூச்சரியன்ஸ்' எண்ட குழுவில ஆறு பேரை வாசலிலயே மறிச்சவை. டொனால்ட் வொல்ஹைம், ஃப்ரெடெரிக் போல், சிறில் கோர்ன்புளுத் எல்லாம் அதில அடக்கம். இடதுசாரிகள், துண்டுப்பிரசுரம் குடுத்துக் குழப்புவினம் எண்டு பயம். அசிமோவும் அந்தக் குழுதான், அவர் எப்பிடியோ உள்ளுக்குப் போயிட்டார். 1968 இல் வியற்நாம் போர் பற்றி 'கலக்ஸி' சஞ்சிகையில இரண்டு விளம்பரம் வந்தது: போர் வேணும் எண்டு ஹைன்லைன் மாதிரி ஆக்கள், வேண்டாம் எண்டு லெ குவின், டிக், அசிமோவ். அவை தங்கட காசில பத்திரிகை அடிச்சு, எதிர்காலம் ஆருக்குச் சொந்தம் எண்டு சண்டை பிடிச்ச ரசிகர். கமராவில எத்தினை மெகாபிக்சல் எண்டு சண்டை பிடிக்கேல்லை.

அந்தக் கேள்வி இப்ப ஸ்ரீபெரும்புதூரிலயும் இருக்கு. 2021 டிசம்பரில ஐபோன் பொருத்துற ஃபொக்ஸ்கொன் ஆலையின்ர பெண் தொழிலாளர், விடுதிச் சாப்பாடு நஞ்சாகி 159 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனாப்பிறகு, சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை மறிச்சவை. அப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்பில வைச்சது. 2024 செப்ரெம்பரில அதே ஊரில சாம்சுங் தொழிலாளர் சங்க அங்கீகாரம் கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம். அது பிரிட்ஜ், ரீவி, வோஷிங் மெஷின் செய்யிற ஆலை, ஃபோன் இல்லை; ஆனால் கொம்பனி அதே கொம்பனி. அந்த இரண்டு ஆலைத் தொழிலாளரும் ஒருத்தருக்கொருத்தர் போட்டி ரசிகர் எண்டு ஆர் சொல்லுவினம்?

இனி எங்கட விசயம். ஸ்காபரோவில வாடகைக் குடியிருப்பாளரைச் சேர்க்கிற வேலையில பாத்தனான்: பெடியள் ஐமெசேஜில குழு தொடங்குவினம். பிள்ளையின்ர பழைய அன்ரொயிட்டை வைச்சிருக்கிற அம்மாமார் அதுக்குள்ள வந்தால் எல்லாம் பச்சையாகும், படம் மங்கும், குழு உடையும். பிறகு 'அவையை விட்டுட்டு வேற குழு போடுவம்' எண்ட கதை. 2024 இல் ஐஓஎஸ் 18 ஓட கொஞ்சம் சரி வந்தது, நிறம் மட்டும் மாறேல்லை. வீட்டுச் சொந்தக்காரரின்ர வெளியேற்றக் கடிதம் முதல்ல வாறது அந்தப் பச்சைக் குமிழிக்காரருக்குத்தான்.

அதால இண்டைக்கு இரண்டு யோசனையை முன்வைக்கிறன். எங்கட எல்லாக் குழுவும் சிக்னலுக்கு மாறவேணும், எந்த ஃபோன் வைச்சிருக்கிறவரும் உள்ளுக்கு வரக்கூடிய மாதிரி. மாதத்தில ஒரு சனிக்கிழமை பற்றரி, திரை மாத்துற திருத்தப் பட்டறை. திருகாணிச் செற் என்னட்ட இருக்கு, இடம்தான் தேவை. ஆதரவு எண்டால் கை தூக்குங்கோ.