தவணை தயவல்ல



குன்னூரில் வாடகைக் கடையில் நான்கு தையல் மிஷின் போட்டிருப்பவன் நான். பச்சைத் தேயிலை விலை விழுந்தால் எங்கள் வேலையும் விழும், கரண்ட் பில் நிற்கும்.

2003 மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவைப் படியுங்கள். இணைப்பைத் துண்டிக்கும் முன் 15 முழு நாள் எழுத்து நோட்டீஸ் தர வேண்டும். பில்லே தவறு என்பவர், கேட்ட தொகை அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரி, இரண்டில் குறைந்ததை எதிர்ப்புடன் கட்டினால் துண்டிக்க முடியாது. சரி, பாக்கி உண்மை, முழுப்பணம் இல்லை என்பவருக்கு? தவணை என்ற சொல்லே அதில் இல்லை. முழுப் பாக்கியோடு, துண்டித்து மீண்டும் இணைக்கும் செலவையும் கட்ட வேண்டும். ஆகவே தவணை அதிகாரியின் தயவாகிறது. தயவு யாருக்குக் கிடைக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மீட்டரோ கட்டட உரிமையாளர் பெயரில். மனுவுக்கு அவர் கையெழுத்து கேட்கிறார்கள். பஜார் கட்டடங்கள் யாரிடம் இருக்கின்றன? 1964 ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்து கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகளிடமா? செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வாசலில் நிற்பது நாம்தான்.

பைக்காராவிலும் குந்தாவிலும் மின்சாரம் எடுப்பது இந்த மலைத் தண்ணீரில். அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையோடு மின்சாரத்தையும் கவனித்தார். அது மலிவாக, தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்றார்.

முதல் தவணை கட்டிய அன்றே இணைப்பு, பயன்படுத்துபவரே மனு கொடுக்கும் உரிமை: இரண்டையும் விதியாக்கக் கோரி ஒழுங்குமுறை ஆணையத்துக்கு மனு எழுதியிருக்கிறோம். வாசல் மேசையில் இருக்கிறது, கையெழுத்திட்டுச் செல்லுங்கள்.