சமயபுரத்துக்கும் சிங்கப்பூருக்கும் நடுவுல எத்தனை மணி நேரம்?

சமயபுரத்துக்கும் சிங்கப்பூருக்கும் எவ்வளவு நேர வித்தியாசம்னு கேட்டா, டக்குனு இரண்டரை மணி நேரம்னு சொல்லிடுவீங்க. போனும் அதைத்தான் காட்டும். ஆனா சூரியன் சொல்ற கணக்கு வேற.

பூமி ஒரு டிகிரி சுத்த 4 நிமிஷம் ஆகும். எங்க ஊர் சமயபுரம் கிட்டத்தட்ட 78.7 டிகிரி கிழக்குல இருக்கு, சிங்கப்பூர் 103.8. நடுவுல 25 டிகிரி. அப்போ 100 நிமிஷம், அதாவது ஒரு மணி நாற்பது நிமிஷம்தான். மிச்ச 50 நிமிஷம் அரசாங்கங்கள் முடிவு பண்ணினது.

இந்திய நேரம் மிர்சாபூர் பக்கம் போற 82.5 டிகிரி கோட்டை வெச்சு வர்றது. அதனால சமயபுரத்துல உச்சி வெயில் சராசரியா 12:15க்கு. சிங்கப்பூர்ல அது 1:05. இடத்தைப் பார்த்தா சிங்கப்பூர் கிரீன்விச்சுக்கு 7 மணி நேரம் முன்னாடி இருக்கணும், ஆனா 8-ல இருக்கு. 1981 கடைசி வரைக்கும் ஏழரைதான். சபா, சரவாக்கோட ஒரே நேரத்துக்கு வரணும்னு தீபகற்ப மலேசியா அரை மணி தள்ளி வெச்சப்போ, சிங்கப்பூரும் 1982 ஜனவரி 1-லேருந்து கூடவே நகர்ந்துடுச்சு. எழுபதுகள்ல அங்க வேலை பார்த்த தாத்தாக்களுக்கு ஊரோட வித்தியாசம் சரியா 2 மணி நேரம். (பழைய தேதிகளோட மல்லுக்கட்டுற டெவலப்பர்ஸ், ப்ளஸ் எட்டுனு நேரா கோட்ல எழுதிடாதீங்க.)

இந்தக் கணக்கு நேரா இறங்குறது கட்டுமான வேலைக்குப் போறவங்க உடம்புல. காலைல 6 மணிக்கு லாரி ஏறுறாங்கன்னா, சூரியக் கணக்குல அது 5 மணி கூட ஆகாத நேரம். கும்மிருட்டு. எனக்குத் தெரிஞ்ச புதுக்கோட்டை அண்ணன் ஒருத்தர் அப்படித்தான் போறார். ஆனா ராத்திரி ஓவர்டைம் முடிச்சு 10:30க்கு ரூமுக்கு வந்தா ஊர்ல மணி 8தான். பொண்ணு முழிச்சிருப்பா. "உள்ளூர்ல இதே வேலை பார்த்தா புள்ள தூங்கின மூஞ்சியத்தான் தம்பி பார்ப்பேன்"னு சொல்வார்.

எனக்கு அது உல்டா. அம்மாவுக்குக் கோயில் பக்கத்துல பூக்கடை. நான் சாப்பிட்டு 9:30க்குக் கூப்பிட்டா அங்க 7 மணி, கடையில நல்ல கூட்டம். "அப்புறம் பேசுறேன்டா"தான் பதில். ஞாயிறு, செவ்வாய், வெள்ளி எல்லாம் கேக்கவே வேணாம். மாசி கடைசி ஞாயித்துக்கிழமை பூச்சொரிதல் ஆரம்பிச்சுட்டா இன்னும் மோசம். அதுலேருந்து 28 நாள் ஆத்தா பக்தர்களுக்காகப் பச்சைப் பட்டினி விரதம். இளநீர், பானகம், நீர்மோர், துள்ளு மாவுதான் படையல். ஊருக்கே வேலை அப்பதான். அப்புறம் சித்திரைத் தேர் முடியுற வரைக்கும் அம்மா கிடைக்க மாட்டாங்க.

ஒத்துவர்ற ஒரே நேரம் எனக்கு காலை 7, அம்மாவுக்கு 4:30. ஸ்ரீரங்கம் மார்க்கெட்ல இருந்து வந்த பூவைக் கட்டிட்டு இருப்பாங்க. போன் ஸ்பீக்கர்ல. முட்டி வலி, மாத்திரை தீர்ந்துபோனது, எதிர் வீட்டுக் கல்யாணம் எல்லாம் அப்பதான் வெளிய வரும். சாயந்திரம் கேட்டா "நல்லா இருக்கேன்" மட்டும்தான். அதனால காலைல மீட்டிங் வைக்க நான் ஒத்துக்கறதில்லை.

ராகு காலத்துலயும் ஒரு குழப்பம் இருக்கு. திங்கக்கிழமை ஏழரை டு ஒன்பதுங்கிறது 6 மணிக்கு சூரியன் உதிக்கும்னு வெச்ச கணக்கு. பகலை எட்டாப் பிரிச்சா அதுல ரெண்டாவது பங்கு. சிங்கப்பூர்ல வருஷம் பூரா 7 மணி வாக்குலதான் உதயம், அப்போ எட்டரை டு பத்து. புது வாடகை அக்ரிமென்ட்டுக்கு அம்மா நம்ம ஊர் நேரத்தை 10 டு 11:30னு மாத்திச் சொன்னாங்க. நான் டிகிரி, நிமிஷம்னு விளக்கினேன். கடைசில "ரெண்டும் வேணாம், மத்தியானம் போடு"ன்னாங்க. ரெண்டரை மணிக்குப் போட்டேன், சிங்கப்பூர் நேரம்.